காலாளும் முன்னோடியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு சிற்றிதழுக்காக ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழக வளாகத்தில் 1919-இல் நிறுவிய ‘பயனியர்’ சிலையை 2020 ஜூனில் போராட்டக்காரர்கள் இழுத்துக் கீழே தள்ளியது பற்றி அதில் வருகிறது. நான் ‘முன்னோடி சிலை’ என்று போட்டிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர், “முன்னோடியை எதுக்குப்பா தள்ளினாங்க, அவர் என்ன தப்பு பண்ணார்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அகராதியும் ‘முன்னோடி’ என்றுதான் சொல்கிறது. வேறு சொல் உண்டா?

இன்னொன்று. ‘டிரெயில்பிளேசர்’ என்பதைப் ‘பாதையில் தீ மூட்டியவர்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

அந்த நண்பரை விட்டுவிடாதீர்கள். மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு இப்படிக் கேட்கிற ஆள் கிடைப்பது அரிது.

அகராதி மேல் தப்பில்லை. ‘விண்வெளி ஆய்வின் முன்னோடி’ என்று எழுதினால் சொல் கச்சிதமாக உட்காருகிறது. அந்தச் சிலையில்தான் உட்காரவில்லை. ஏனென்று தெரிய, பயனியரின் காலைப் பார்க்க வேண்டும். காலை என்றுதான் சொல்கிறேன். லத்தீனில் ‘பெத்’ என்றால் பாதம். அதிலிருந்து வந்த ‘பெதோ’, கால்நடையாகப் போகும் படைவீரன். நாம் ‘ரத கஜ துரக பதாதி’ என்கிறோமே, அந்தப் பதாதிக்கும் இதுவே வேர். தமிழில் காலாள். பிரெஞ்சுக்குப் போன காலாள் அங்கே ‘பியோனியே’ ஆகி, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து பயனியர் ஆனான். சதுரங்கத்தில் முதலில் வெட்டுப்படும் ‘பான்’ இதற்கு உடன்பிறப்பு. போர்ச்சுகீசியர் வழியாக இங்கே வந்து ஆபீஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த பியூன் இன்னொரு உடன்பிறப்பு.

ஆங்கிலப் படையில் பயனியர் காலாளிலும் கடைசி. கையில் மண்வெட்டியும் கோடாலியும்தான். படை நாளைக்குப் போகவேண்டிய வழியை அவன் இன்றைக்கு வெட்டித் தரவேண்டும். மரத்தைச் சாய்ப்பான், பள்ளத்தைத் தூர்ப்பான், கோட்டைச் சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டுவான். ஹாம்லெட் நாடகத்தில் அப்பாவின் ஆவி மேடைக்கு அடியில் இருந்துகொண்டு இங்கே ஒரு குரல், அங்கே ஒரு குரல் என்று கொடுக்கும். ஹாம்லெட் அதைக் கிழட்டு அகழெலி என்று கூப்பிட்டு, இவ்வளவு வேகமாகத் தோண்டுகிறாயே, பலே பயனியர்தான் என்கிறான். ஒதெல்லோவிலும் பாசறையின் கடைநிலை ஆளைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஷேக்ஸ்பியர் பயனியரைத்தான் இழுக்கிறார். 1600 வாக்கில் அந்தச் சொல்லுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

நம் ஊரிலும் இந்த மண்வெட்டிக்காரர்கள் உண்டு. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை நொறுக்கினார்கள். அதே மாதம் 30ஆம் தேதி சென்னைக் கோட்டையில் கம்பெனிக்காரர்கள் இரண்டு பயனியர் படைப்பிரிவுகளைத் திரட்டினார்கள். இன்று பெங்களூரில் இருக்கும் இந்திய ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் தங்கள் வயதை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணுகிறார்கள். இவர்களை ‘மெட்ராஸ் முன்னோடிகள்’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். சபா ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரி இருக்கும். தூசிப்படை என்று பழைய சொல் ஒன்று இருக்கிறது. ஆனால் அவர்கள் முதலில் போய் மோதுகிறவர்கள். இவர்கள் முதலில் போய்த் தோண்டுகிறவர்கள்.

சரி, இந்தக் கடைநிலை ஆள் எப்படிப் பெரிய மனுஷன் ஆனான்? 17ஆம் நூற்றாண்டிலிருந்தே ஏதோ ஒரு துறையில் வழி திறந்தவர்களையும் பயனியர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஆனால் அவனைப் பீடத்தில் ஏற்றியது அமெரிக்கா. 1840களிலிருந்து மிசூரியில் கிளம்பி மேற்கே ஓரிகனுக்குக் குடியேறப் போன குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள், அவர்களைத்தான் அங்கே பயனியர் என்றார்கள். ஏறத்தாழ 2,000 மைல், நாலைந்து மாதம். படத்தில் பார்த்தால் எல்லாரும் கூண்டு வண்டியில் சொகுசாகப் போவதுபோல் தெரியும். வண்டியில் மாவு மூட்டையும் பன்றிக்கறியும் தட்டுமுட்டுச் சாமானும் அடைத்திருக்கும். ஸ்பிரிங் கிடையாது, உட்கார்ந்தால் எலும்பு கழன்றுவிடும். பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பெரும்பாலோர் பக்கத்தில் நடந்தேதான் போனார்கள். பேர் எவ்வளவு உயர்ந்தும் காலாள் காலாளாகவே இருந்திருக்கிறான் பாருங்கள்.

அதே காலத்தில், அதே மேற்கில், நியூ மெக்சிகோவில் கடனுக்குக் கட்டுண்டு உழைத்தவர்களுக்கு ஸ்பானிய மொழியில் ‘பியோன்’ என்று பேர். 1867-இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் அந்த முறைக்குத் தடைச்சட்டம் போட்டது. ஒரே வேரின் இரண்டு பிள்ளைகள். ஒருவனுக்குப் பிற்காலத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். இன்னொருவனைக் கடனிலிருந்து அவிழ்த்துவிடவே சட்டம் தேவைப்பட்டது.

இப்போது உங்கள் நண்பரின் கேள்விக்கு வருவோம். முன்னோடி என்ற நம் சொல்லில் முன்னால் ஓடுகிறவர் மட்டும்தான் தெரிகிறார். பின்னால் யார் வருகிறார்கள் என்ற கேள்வி அதில் இல்லை. பயனியரில் அது எப்போதும் உண்டு. அவன் வழி வெட்டுவதே பின்னால் வரும் படைக்காகத்தான். குறுக்கே நிற்பதை அகற்றுவதுதான் அவன் வேலை. ஓரிகனில் குறுக்கே நின்றது மரம் மட்டும் இல்லை. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் யூஜீன் நகரம் கலப்பூயா மக்களின் நிலம். அவர்கள் வழிவழியாக நடந்த தடத்தின் மேல் ஒருவர் வந்து நான்தான் முதலில் வந்தேன் என்றால் எப்படி இருக்கும்? அந்தச் சிலையில் இருப்பவர் தாடிக்காரர், தோளில் துப்பாக்கி, கையில் சாட்டை. மண்வெட்டியைக் காணோம்.

ஆகவே சிலையின் பேரை முதலில் ‘பயனியர்’ என்றே போட்டுவிட்டு, அப்புறம் அந்த மக்களைக் ‘குடியேறிகள்’ என்று எழுதுங்கள். நண்பருக்கு விளங்கிவிடும். ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் நீட்ட வேண்டியதில்லை. இங்கிலாந்தில் ராச்டேலில் 1844-இல் கூட்டுறவுக் கடை திறந்த நெசவாளர்களும் கைத்தொழிலாளர்களும் தங்களைப் பயனியர்கள் என்றார்கள். அங்கே முன்னோடி அழகாகப் பொருந்தும். சோவியத்தில் 1922 முதல் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய பள்ளிப்பிள்ளைகள் பயனியர்கள். அயர்லாந்தில் ஒருவர் “நான் பயனியர்” என்றால் அவருக்குக் கிளாஸை நீட்டாதீர்கள். 1898-இல் டப்ளினில் தொடங்கிய மதுவிலக்குச் சங்கத்தின் உறுப்பினர் என்று பொருள்.

டிரெயில்பிளேசரில் தீயே கிடையாது, தயவுசெய்து அணைத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் ‘பிளேஸ்’ என்றால் கொழுந்துவிட்டு எரிவதும்தான், ஆனால் இந்த ‘பிளேஸ்’ குதிரை நெற்றியில் இருக்கும் வெள்ளைக் குறி. காட்டில் போகிறவர்கள் கோடாலியால் மரப்பட்டையைச் செதுக்கிவிட்டால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், பின்னால் வருகிறவருக்கு அது அடையாளம். அந்தச் செதுக்கலுக்கும் குதிரையிடமிருந்து பேர் வந்தது. மாடு வளர்ப்பவர்களைக் கேளுங்கள், நெற்றி வெள்ளைக்கு நம்மிடம் அச்சு அசலாகச் சொல் இருக்கிறது: சுட்டி. நெற்றியில் சுட்டி விழுந்த கன்று என்பார்கள். ‘தடம் குறித்தவர்’ என்று எழுதினால் போதும்.

கட்டுரை இணையத்தில் ஏறியதும் சுட்டி அனுப்புங்கள், படிக்கிறேன்.