ஆவணியில் மெலிந்த மான்: வருத்தமா, கோடையா?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய வயற்காணி முல்லைத்தீவு மாவட்டத்தில், உடையார்கட்டுப் பக்கம், காட்டோரமாக இருக்கிறது. ஆவணி, புரட்டாதியில் குளத்தடிக்கு வரும் புள்ளிமான்கள் விலா எலும்பு தெரிய மெலிந்துபோயிருக்கின்றனவாம். கனடாவில் வேட்டைக்குப் போகிற மச்சான் படங்களைப் பார்த்துவிட்டு, “இந்த நேரம் மான் கொழுத்து நிற்க வேணும், இதுகளுக்கு ஏதோ வருத்தம்” என்றிருக்கிறார். ஊரிலுள்ள வயதுபோன வேட்டைக்காரரோ, “தை, மாசியில பாருங்கோ” என்கிறாராம். யார் சொல்வது சரி, தவிடு புண்ணாக்கு வைத்துக் காப்பாற்றலாமா என்பது கேள்வி.

முதலில் மச்சானின் கணக்கைப் பார்ப்போம். அவர் பார்ப்பது வெள்ளைவால் மான். பனிக்காலத்துக்கு முன் கொழுப்புச் சேர்க்காத மான் அங்கே தப்புவது கடினம். பகல் நேரம் குறையக் குறைய அதன் உடம்பில் ஹோர்மோன்கள் மாறும், தின்று கொழுக்கும், கார்த்திகையளவில் இணைசேரும். அந்தச் சில கிழமைகளில் ஆண் மான்கள் தீனியை மறந்து அலைந்து, எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சிலவேளை நான்கில் ஒரு பங்குகூட இழந்துவிடும். ஆகவே அவருடைய கணக்கு அந்த நாட்டுக்குச் சரி. இங்கே பகல் நேரம் வருடம் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. வடக்கில் மானின் உடம்பைத் தீர்மானிப்பது மழை.

சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் புல் காய்கிறது. காய்ந்த புல்லும் வயிற்றை நிரப்பும், ஆனால் அதில் சத்தில்லை. புல்லிலுள்ள புரதம் நூற்றுக்கு ஏழு அளவுக்குக் கீழே இறங்கினால், மானின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களால் நாரைச் சரிவர உடைக்க முடியாது. தின்றது நெடுநேரம் உள்ளேயே கிடக்கும். மேற்கொண்டு தின்ன இடமும் இராது. வயிறு உப்பியிருக்க, மான் பட்டினி கிடக்கும். இடையில் பாலைப்பழமும் வீரைப்பழமும் விழும் காலம் கொஞ்சம் தாங்கும். மந்திகள் மேலேயிருந்து உதிர்க்கும் பழத்துக்கும் இலைக்கும் மான்கள் மரத்தடியில் காத்து நிற்பது அதனால்தான். அதுவும் முடிந்த பிறகு, குளத்து நீர் வற்ற வற்ற வெளிப்படும் தரையில் முளைக்கிற பச்சைப் புல்தான் மிச்சம். உங்கள் குளத்தடியில் மான் கூடுவதற்குத் தண்ணீர் மட்டும் காரணமல்ல.

ஐப்பசியில் மழை விழுந்தவுடனும் மான் தேறிவிடாது. இளம்புல்லில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த நாருக்குப் பழகிய இரைப்பை இதற்கு மாறச் சில நாட்கள் எடுக்கும். கோடையில் தனித்தனி மணிகளாக, காய்ந்து, உடைத்தால் நார் தெரிய இருந்த பிழுக்கை அப்போது இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக விழும். ஏற்கனவே நலிந்த மான்கள் மழைக் குளிரில் இறப்பதும் இந்த நாட்களில்தான். மார்கழி தாண்டித்தான் முதுகு நிரம்பும். காலபோக அரிவு வெட்டு முடிந்த வயல்களில் தாள் தளிர்ப்பதும் சேர்ந்துகொள்ள, தை, மாசியில் மான் நல்ல நிலைக்கு வரும். உங்கள் ஊர்ப் பெரியவர் சொன்னது சரி.

அந்தக் கால வேட்டைக்காரர்கள் இதை மானை அறுத்தே அறிந்தார்கள். மெலியும்போது முதுகுக் கொழுப்பு முதலில் போகும், பிறகு சிறுநீரகத்தைச் சுற்றியுள்ளது, கடைசியாக எலும்பு மச்சை. வெள்ளையாகக் கட்டிப்பட்டிருந்த மச்சை சிவந்து கூழாகிவிட்டால் அந்த மானிடம் வேறொன்றும் மிச்சமில்லை. சிறுநீரகக் கொழுப்பை நிறுத்து மானின் நிலையைக் கணிக்கும் முறையை 1955இல் நியூசிலாந்து மான்களை வைத்து ரைனி என்ற ஆய்வாளர் எழுதி வைத்தார். வேட்டைக்காரரின் அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று நமக்கு அந்த வழி இல்லை, தேவையும் இல்லை. உயிரோடு நிற்கும் மானைத் தூரத்திலிருந்தே கணிக்கலாம்.

வயிற்றைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். இடுப்பெலும்புக்கும் வாலடிக்கும் இடைப்பட்ட பகுதி நல்ல மானில் உருண்டிருக்கும். மெலியும்போது முதலில் தட்டையாகும், பிறகு உள்வாங்கிக் குழிவிழும். விலா மட்டும் தெரிந்து பின்பக்கம் தட்டையாக இருந்தால் அது கோடை மெலிவு. பின்பக்கம் குழிந்து, முதுகுத்தண்டு வரம்பாக எழும்பி நின்றால் மான் ஆபத்தில் இருக்கிறது. கைபேசியில் பெருப்பித்து எடுத்த படத்திலேயே இது தெரியும். மான் பின்பக்கம் காட்டி நிற்கும்போது எடுங்கள்.

அடுத்து, எந்த மான் மெலிந்திருக்கிறது என்று பாருங்கள். பால் கொடுக்கும் பெண் மான் எந்தப் பருவத்திலும் மெலியும். மடி பருத்திருந்தால் காரணம் அதுதான். வெள்ளைவால் மானைப் போலன்றி, நமது புள்ளிமான்களில் ஆண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. ஒரே கூட்டத்தில் தோல் போர்த்த இளங்கொம்போடு ஒன்று கொழுத்து நிற்கும். முற்றிய கொம்பும் தடித்த கழுத்துமாக இன்னொன்று பெண் மான்களைத் துரத்தித் துரத்தி வற்றிப்போயிருக்கும். இவை நோயல்ல.

கூட்டம் நன்றாயிருக்க ஒன்று மட்டும் ஒடுங்கி, தனித்து நின்றால் சந்தேகப்படுங்கள். அதன் கழுத்தையும் கால்களையும் பாருங்கள். நமது காடுகளில் அதற்குப் பெரும்பாலும் கம்பிச் சுருக்கு காரணமாக இருக்கிறது. தாடைக்குக் கீழே பை போல வீங்கியிருந்தால் குடற்புழு முற்றியிருக்கலாம். ஆடு வளர்க்கிறவர்களுக்கு இந்த வீக்கம் தெரிந்ததே. எச்சில் வழிந்து, நொண்டி நடந்தால் கால் வாய் நோயாக இருக்கலாம். அது பட்டி மாடுகளிடமிருந்து மானுக்கும், மானிடமிருந்து மாட்டுக்கும் போகும். தை, மாசியிலும் பல மான்கள் குழிவிழுந்த பின்பக்கத்தோடு நின்றால், கோடையைச் சாட்டிவிட்டு இருக்கக்கூடாது.

தவிடு, புண்ணாக்கு, சோறு, பாண் எதுவும் வைக்காதீர்கள். இரக்கத்தால் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாருக்குப் பழகிய இரைப்பையில் திடீரென்று மாப்பொருள் விழுந்தால் அங்கே அமிலம் பெருகி, நல்ல மானே ஓரிரு நாளில் செத்துவிடும். வட அமெரிக்காவில் பனிக்காலத்தில் சோளம் வைத்து இப்படி மான்களைக் கொன்றிருக்கிறார்கள். தீனி வைத்த இடத்தில் மாடும் மானும் நாயும் கூடும், நோய் பரவும், சுருக்கு வைக்கிறவனுக்கும் இடம் தெரிந்துவிடும். திருகோணமலை நகரத்து மான்கள் மனிதர் போட்டதைத் தின்னப் பழகி, பொலித்தீனும் விழுங்கிச் சாவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உங்களால் செய்யக்கூடியது வேறு. வற்றிய குளத்துத் தரையின் ஒரு பக்கத்தையாவது ஆவணி, புரட்டாதியில் மாடு மேயாமல் விட்டுவைக்க அயலவர்களோடு பேசுங்கள். மாடுகளுக்குக் கால் வாய் நோய்த் தடுப்பூசி போடுங்கள், புழு மருந்து கொடுங்கள். நாய்களைக் கட்டி வையுங்கள். நலிந்த மானை நாய் துரத்தினால், கடி படாவிட்டாலும் தசை சிதைந்து பிறகு செத்துவிடும். அதே காரணத்தால் நீங்களும் அதைப் பிடிக்கப் போகாதீர்கள். சுருக்குப் பட்ட மானையோ, நடக்க முடியாத மானையோ கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து, இடத்தையும் படத்தையும் கொடுங்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மானைக் கொல்வதும் இறைச்சி வைத்திருப்பதும் குற்றம். “எப்படியும் சாகப்போகிற மான்தானே” என்று யாராவது கத்தியோடு வந்தால் அவரிடமும் இதைச் சொல்லுங்கள்.