கத்தரி மஞ்சளாவதற்குக் காரணம் நார்க்கழிவுதான்

வணக்கம். மட்காத தென்னை நார்க்கழிவைப் பாத்தியில் கொட்டிக் கொத்திவிட்டுக் கத்தரி நட்டதாகவும், மூன்றே வாரத்தில் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மருந்து எதுவும் அடித்துவிடாதீர்கள். துளிர் பச்சையாக இருக்க, கீழிலை முதலில் வெளுப்பது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவதன் அடையாளம். செடி முதிர்ந்த இலையிலிருந்து நைட்ரஜனை உருவித் துளிருக்குக் கொடுக்கிறது.

பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறக்குறைய நூறு பங்கு கார்பன் இருக்கும். அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்கள் உடலைக் கட்டத் தேவையான நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. செடிக்கு மிஞ்சுவதில்லை. அந்தச் சத்து எங்கும் போய்விடவில்லை, நுண்ணுயிர்களின் உடலுக்குள் இருக்கிறது. அவை மடியும்போது மண்ணுக்குத் திரும்பும். ஆனால் நாரில் லிக்னின் என்ற எளிதில் மட்காத பொருள் மிகுதி என்பதால் மாதக்கணக்கில் ஆகும், உங்கள் கத்தரி அதுவரை தாங்காது.

மேலாகக் கிடக்கும் கழிவை வாரி எடுங்கள். ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கின் கரைசலை வாரம் ஒருமுறை வேரோரம் ஊற்றுங்கள். வாரியதை எறிய வேண்டாம்: டன்னுக்கு 5 கிலோ யூரியா என்ற கணக்கில், சிப்பிக்காளான் வித்தோடு அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்து வாருங்கள். ஒரு பங்கு நைட்ரஜனுக்கான கார்பன், நூறிலிருந்து 24 பங்கு அளவுக்கு இறங்கிவிடும். கறுத்து, பிசைந்தால் மண்வாசனை வந்த பிறகு பாத்தியில் போடுங்கள்.