மோகனமா, பூப்பா? கணினிக்கு எப்படித் தெரிகிறது: கேள்வி பதில்

வாய்ப்பாட்டு மாணவி: மோகனத்துக்கும் இந்துஸ்தானி பூப் ராகத்துக்கும் ஒரே சுரங்கள்தானே சார்? கணினி எதை வைத்துப் பிரிக்கிறது?

ஸ ரி க ப த, இரண்டிலும் இதே ஐந்துதான். அதனால் சுரக் கணக்கு இங்கே உதவாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் குரல் எப்படிப் போகிறது என்றுதான் பார்க்க வேண்டும். நொடிக்கு நூறு முறை குரலின் சுருதியை அளந்து கோடாக வரைந்து பாருங்கள். பூப் ஆலாப்பில் குரல் காந்தாரத்துக்கு (க) வந்து நின்றுவிடும். கோடு படுத்த மாதிரி நேராகப் போகும். மோகன ஆலாபனையில் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) வரும் இடங்களில் கோடு அலை அலையாக ஏறி இறங்கும். மொத்த நேரத்தில் கோடு எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறது, அசையும்போது எவ்வளவு வேகம், இந்த இரண்டுமே நிறையச் சொல்லிவிடும். மும்பை ஐ.ஐ.டி.யில் பிரீத்தி ராவ் குழுவினர் இந்த வழியில்தான் ஆலாபனைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ‘தான்’ எனப்படும் வேகமான சுர வரிசைகளில் இந்த வித்தியாசம் மங்கிவிடும். அதனால் விளம்பப் பகுதியை, அதாவது மெதுவாகப் பாடும் பகுதியை எடுங்கள்.

மென்பொருள் துறை நண்பர்: ஒருவர் பாடும் சுருதி ஒரு கட்டை, இன்னொருவருக்கு ஐந்து கட்டை. எப்படி ஒப்பிடுவது?

ஒரு கட்டைக்கு ஸட்ஜம் (ஸ) சுமார் 131 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டை 196. அவரவர் ஸட்ஜத்தைப் பூஜ்யமாக வைத்து எல்லாவற்றையும் சென்ட்டுக்கு மாற்றுங்கள்; சுர இடைவெளியை அளக்கும் அலகு அது. ஒரு ஸ்தாயி, அதாவது ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை, 1200 சென்ட். சரி, ஸட்ஜத்தையே தப்பாக எடுத்தால்? அதற்குப் பிறகு வருவது எல்லாமே தப்பு. தம்பூராவைக் காதால் கேட்டு ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

வயலின் ஆசிரியை: தோடி ராகத்தின் காந்தாரம் படத்தில் எப்படி இருக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான். ஏட்டில் அந்தக் காந்தாரம் 300 சென்ட். குரலோ ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடுகிறது. எந்தச் சுருதியில் எவ்வளவு நேரம் என்று கூட்டிப் பார்த்தால், 300-இல் கூர்மையான முகடே எழாது. ஆனால் கேட்பவர் காதில் காந்தாரம் அவ்வளவு தெளிவாக விழுகிறது! முகடு இல்லை என்பதற்காக அங்கே சுரமே இல்லை என்று முடிவுகட்டும் நிரலை நம்பாதீர்கள்.

கல்லூரி மாணவர்: கச்சேரிப் பதிவில் முயன்றேன். கோடு திடீரென ஒரு ஸ்தாயி மேலே தாவுகிறது.

பாடகரை ஒட்டி வரும் வயலினையும் சேர்த்துப் பிடித்திருக்கும். முதலில் தனிக்குரல் பதிவில் பழகுங்கள். குரலை ஆராயும் பிராட் (Praat) மென்பொருள் இலவசம். அதில் சுருதியின் கீழ், மேல் எல்லைகளைப் பாடுபவரின் குரலுக்கு ஏற்ப அமைத்தாலே பாதித் தாவல்கள் அடங்கிவிடும்.