சன்ஸ்கிரீனும் ஒவ்வாமையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு வெளியே போய்வந்தால் என் மகளுக்குக் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்துவிடுகிறது. குப்பியில் ‘விலங்குகளில் சோதிக்கப்படவில்லை’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் சோதிக்காமலேயே விற்கிறார்களா? ஒவ்வாமை உயிருள்ள உடம்பில் நடப்பது. அதைக் கண்ணாடிக் குழாயில் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

ர.

அன்புள்ள ர.,

சோதிக்கவே இல்லை என்று அந்த வரிக்குப் பொருளில்லை. வேறு யாரோ எப்போதோ அதே பொருளை விலங்கில் சோதித்திருக்கவும் கூடும். சுண்டெலியின் காதில் மூன்று நாள் தடவி, பிறகு அதைக் கொன்று நிணநீர்க் கணுவை எடுத்து அளப்பது நெடுநாள் வழக்கம். அது ஒழிவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஒவ்வாமை உடம்பில்தான் நடக்கிறது, சரி. ஆனால் அதன் முதல் படி வெறும் வேதியியல். ஒவ்வாமை தரும் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. தனியாக வந்தால் நோய் எதிர்ப்பு அமைப்பு கண்டுகொள்ளாது. தோலின் புரதத்தில் ஒட்டிக்கொண்ட பிறகே அது விழித்துக்கொள்கிறது. அந்த ஒட்டுதலைக் குழாயிலேயே பார்த்துவிடலாம். சிஸ்டீன் அல்லது லைசின் என்ற அமினோ அமிலம் உள்ள குட்டிப் புரதத் துண்டோடு பொருளைக் கலந்து, ஒரு நாள் விட்டு, ஒட்டாமல் எவ்வளவு மிச்சம் என்று அளப்பார்கள். நன்றாகக் குறைந்திருந்தால் பொருள்மேல் சந்தேகம் விழும். அப்புறம் மனிதத் தோல் செல்கள். மின்மினியின் ஒளி மரபணுவை ஏற்றியிருப்பதால், பொருள் சீண்டினால் அவை ஒளிரும். மூன்றாவது சோதனை வெள்ளணு வகைச் செல்களில். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் முடிவெடுக்கலாம் என்கிறது 2021இல் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வெளியிட்ட 497ஆம் வழிகாட்டி.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் இது போதாது என்பதே என் கவலை. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருட்கள் பலவும் எண்ணெய்த்தன்மை கொண்டவை, நீரில் சரியாகக் கரையாது. செல்லுக்குப் போய்ச் சேராத பொருள் ‘ஒவ்வாமை இல்லை’ என்று காட்டினால் அதை எப்படி நம்புவது? இன்னொன்று, இருட்டில் சாதுவாக இருந்துவிட்டு வெயில் பட்டதும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருட்கள் உண்டு. சன்ஸ்கிரீனில் சேர்க்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டோகிரைலின் இரண்டும் இப்படி ஒளி ஒவ்வாமை தருவது தெரிந்ததே. வெயிலில் பூசுவதற்கென்றே செய்த பொருளை வெளிச்சம் காட்டாமல் சோதித்து அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. ஒளியோடு செய்யும் செல் சோதனை உண்டு, ஆனால் அது பார்ப்பது ஒளிநச்சுத்தன்மையை, அதாவது வெளிச்சம் பட்டதும் பொருள் செல்லை நேரடியாகச் சிதைப்பதை; ஒவ்வாமையை அல்ல. ஆய்வுப் பணம் இந்த இடத்துக்குத்தான் வரவேண்டும்.

உங்கள் மகளைத் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். குப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். வாசனைப் பொருளோ பதப்படுத்தியோகூடக் காரணமாக இருக்கலாம். ஃபோட்டோ பேட்ச் டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள். ஒரே பொருட்களை முதுகில் இரண்டு வரிசையாக ஒட்டி, ஒரு வரிசைக்கு மட்டும் புற ஊதா ஒளி காட்டி ஒப்பிடுவார்கள். கீட்டோப்ரோஃபென் கலந்த வலி ஜெல் எப்போதாவது தடவியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதனால் ஒவ்வாமை வந்தவர்களுக்கு ஆக்டோகிரைலினும் சேராமல் போவது அடிக்கடி காணப்படுகிறது. அதுவரை வாசனை சேர்க்காத, துத்தநாக ஆக்சைடு மட்டும் உள்ள சன்ஸ்கிரீன் போதும்.