நடையை நிறுத்த வேண்டாம், நிற்கும் விதத்தை மாற்றுங்கள்

கேள்வி: என் வயது 47. வேலூர் கொசப்பேட்டையில் இருக்கிறேன், அரசுப் பள்ளி ஆசிரியை. தினமும் விடியற்காலையில் கோட்டைப் பக்கம் ஒரு மணி நேரம் வாக்கிங் போவேன். பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் உண்டு. நான்கு மாதமாக வலது இடுப்பின் பக்கவாட்டில் வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. படி ஏறினால் சுரீர் என்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறதாம். யூடியூப் பார்த்து, காலைக் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் பயிற்சி செய்தேன். வலி கூடியதுதான் மிச்சம். டாக்டர் ஊசி போடலாம் என்கிறார். வீட்டிலோ, "வயசாயிடுச்சு, அலையாம சும்மா இரு" என்கிறார்கள். நடையை விட்டுவிட வேண்டியதுதானா? தைலம், பெல்ட் ஏதாவது உதவுமா?

பதில்: அன்புள்ள சகோதரி,

நடையை விட வேண்டாம். கொஞ்ச நாளைக்குக் குறைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலை இழுக்கும் பயிற்சியை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இடுப்பு வலி என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எங்கே, கை வைத்துக் காட்டுங்கள்" என்பதுதான். கை போகும் இடத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். தொடை இடுக்கில் கை வைத்தால் மூட்டின் மேல் சந்தேகம் வரும். பின்பக்கம், புட்டத்தில் வைத்தால் பெரும்பாலும் முதுகெலும்பிலிருந்து இறங்கும் வலி. உங்களைப் போலப் பக்கவாட்டில், தொட்டால் தட்டுப்படும் அந்த எலும்பு மேட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால், பெரும்பாலும் மூட்டில் குறை இருக்காது. அதற்கு வெளியே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில்தான் இருக்கும்.

நேரில் பார்க்காமல் முடிவு சொல்வது முறையல்ல. நீங்களே இரண்டு காரியம் செய்து பாருங்கள். சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு வலது காலில் 30 விநாடி நில்லுங்கள். அதற்குள் அந்த எலும்பு மேட்டில் வலி கிளம்புகிறதா? அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கிக் கொலுசின் கொக்கியை மாட்டிப் பாருங்கள். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு இதுதான் பெரும்பாடு. கால் அவ்வளவு தூரம் மடங்கித் திரும்பாது. நிற்கும்போது வலித்து, கொலுசு மாட்டுவது சுலபமாக இருந்தால், நான் சொல்வது தசைநாண் வலிதான் என்று ஓரளவு நம்பலாம். 40 முதல் 60 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு இது மிகவும் சகஜம். மாதவிலக்கு நிற்கும் காலத்தின் ஹார்மோன் மாற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள். எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது. அதனால்தான் உங்கள் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, வலியும் இருக்கிறது.

ஏன் வலிக்கிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஒவ்வொரு அடியிலும் ஒரு கால் தரையில் இருக்க, மறுகால் காற்றில் இருக்கிறது. அந்த நேரத்தில் இடுப்பு ஒரு பக்கம் தொங்கிவிடாமல் பிடித்து வைப்பவை புட்டத்தின் பக்கத் தசைகள். அவை இழுக்கும் இழுப்பும் சேர்வதால், சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போலச் சுமார் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. அந்தத் தசைகளின் நாண்கள்தான் உங்கள் எலும்பு மேட்டில் வந்து ஒட்டுகின்றன. கால் உடலின் நடுக்கோட்டைத் தாண்டி உள்பக்கம் போகும்போதெல்லாம், கிணற்று விளிம்பில் கயிறு அழுந்துவதைப் போல நாண் அந்த மேட்டின் மேல் அழுந்துகிறது. காலைக் குறுக்கே இழுத்துப் பிடித்தபோது நீங்கள் செய்ததும் இதுதான். 'இறுக்கமாக இருக்கிறது, இழுத்துவிட வேண்டும்' என்று தோன்றுவது இயல்பு. இந்த வலிக்கு மட்டும் அது எதிர்வேலை செய்யும்.

சரி, நாளில் ஒரு மணி நேரம் நடக்கிறீர்கள். மீதி 23 மணி நேரம் அந்த நாண் என்ன பாடுபடுகிறது என்று பார்ப்போம். வகுப்பில் பாடம் நடத்தும்போது ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பை வெளியே தள்ளிச் சாய்ந்து நிற்பீர்கள். நாள் முழுக்க நிற்கிற யாருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடும். தண்ணீர் வரும் நாளில் குடம் இடுப்பில் ஏறும். அக்கம்பக்கத்துக் குழந்தையைத் தூக்கினாலும் அதே இடுப்புதான். விடைத்தாள் திருத்தும்போது கால் மேல் கால். இவை எல்லாவற்றிலும் நாண் அழுந்துகிறது. இனி இரண்டு கால்களையும் சற்று அகட்டி, பாரத்தைச் சமமாகப் போட்டு நில்லுங்கள். குடத்துக்குப் பதில் இரண்டு கைகளிலும் சின்ன வாளியாகப் பிடியுங்கள். கொஞ்ச நாள் சம்மணம் வேண்டாம், உயரமான நாற்காலி போதும்.

படுக்கைதான் இதில் முக்கியம். வெறும் தரையிலோ கோரைப் பாயிலோ வலது பக்கம் ஒருக்களித்தால் எலும்பு மேடு நேரடியாக நசுங்கும். இடது பக்கம் திரும்பினாலும் தப்பிக்க முடியாது. மேலே இருக்கும் வலது கால் முன்னால் சரிந்து விழுந்து, அதே நாணை அழுத்தும். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். மெத்தை இல்லையென்றால் ஜமக்காளத்தை இரண்டு மூன்றாக மடித்துப் போட்டுக்கொண்டு இடது பக்கம் படுங்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இடையில் வரும்படி ஒரு நீளத் தலையணை வையுங்கள். முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கும். மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தாலும் நல்லது. இரவுத் தூக்கம் திரும்பினால் பாதி வலி தாங்கக்கூடியதாகிவிடும்.

இனி பயிற்சி. ஓய்வெடுத்தால் வலி அடங்கும், ஆனால் தசை வலுவிழக்கும். மறுபடி நடக்கத் தொடங்கிய வாரமே வலி திரும்பும். அதனால் தசையை வலுப்படுத்தியே ஆக வேண்டும். முதல் வாரம் இது போதும்: மல்லாந்து படுத்து, முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்து, இரண்டு தொடைகளையும் துப்பட்டாவால் தளர்வாகக் கட்டுங்கள். தொடைகளை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளி, கால் அசையாமல் பத்து விநாடி பிடித்து விடுங்கள். வலி வரும் அளவுக்குத் தள்ளக் கூடாது. ஐந்தாறு முறை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை.

அது பழகியதும், முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். பிறகு உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருங்கள். எழும்போது முழங்கால் உள்பக்கம் மடங்கக் கூடாது. அது இரண்டாம் விரலுக்கு நேராகப் போகிறதா என்று நிலைக்கண்ணாடியில் பாருங்கள். கடைசியாக ஒற்றைக்காலில் நின்று, இரண்டு பக்க இடுப்பெலும்பும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பிடிப்பது. நான்கு கட்டத்தையும் ஒரே வாரத்தில் முடித்துவிட ஆசைப்படாதீர்கள்.

நடையை இப்போதைக்கு 20 நிமிடமாக, சமதரையில் வைத்துக்கொள்ளுங்கள். படியும் ஏற்றமும் வேண்டாம். சோளிங்கர் போகும் எண்ணம் இருந்தால் 1305 படிகளையும் இந்த முறை விட்டுவிடுங்கள், 2024 முதல் ரோப் கார் ஓடுகிறது. நடக்கும்போது லேசான வலி இருந்தால் பயம் வேண்டாம். அன்றிரவு தூக்கம் கெடுகிறதா, மறுநாள் காலை வலி கூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்த அளவு உடம்புக்கு ஏற்றது. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். கூடியிருந்தால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். விந்தி நடக்கும் அளவுக்கு வலி இருக்கும் நாளில் கைத்தடி பிடிக்கக் கூச்சப்பட வேண்டாம். வலது இடுப்பில் வலி என்றால் தடி இடது கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் வலது புட்டத் தசையின் வேலை குறையும்.

கிரிவலம் என்றால் 14 கிலோமீட்டர். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் அடுத்த இரண்டு பௌர்ணமியை விட்டுக்கொடுங்கள். கோயிலுக்குள் போய் அண்ணாமலையாரைக் கும்பிட்டு வர யார் தடை? மறுபடி சுற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். தார்ச்சாலையின் ஓரம் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும். மலையை வலப்புறம் வைத்து, இடது ஓரமாகவே நடப்பவர்களுக்கு வலது கால் மேட்டிலும் இடது கால் பள்ளத்திலும் விழும். மேட்டுப் பக்க இடுப்புக்குத்தான் சிரமம் அதிகம். உங்கள் வலியின் காரணமே இதுதான் என்று சொல்ல வரவில்லை. மட்டமான இடமாகப் பார்த்து நடங்கள், லிங்கத்துக்கு லிங்கம் உட்கார்ந்து போங்கள்.

ஊசி பற்றி. உங்கள் டாக்டர் சொல்வது தவறான வழி அல்ல. தூக்கமே இல்லாமல் தவிப்பவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி சில வாரம் நல்ல நிம்மதி தரும். ஆனால் நானாக இருந்தால் முதலில் பயிற்சியைத்தான் தேர்ந்தெடுப்பேன். 2018-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் இதே வலி உள்ள 204 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில், பயிற்சியும் மேலே சொன்ன பழக்க மாற்றமும் செய்தவர்களில் 100-க்கு 77 பேர் நன்றாகத் தேறினார்கள். ஒரு ஊசி போட்டவர்களில் 58 பேர். எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களில் 29 பேர். அந்தப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார் என்பதையும் மறக்கக் கூடாது. ஊசிதான் என்று முடிவானால், சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். சில நாள் சர்க்கரை ஏறும்.

வலி தொடை இடுக்கில் இருப்பவர்கள் நான் மேலே எழுதியதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அவர்களுக்காகவும் கொஞ்சம் எழுத வேண்டும். தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகும் நோய் ஒன்று உண்டு. 30, 40 வயதிலேயே வரும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் அதிகம் குடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத மூட்டுவலிப் பொடியும் மாத்திரையும் சாப்பிடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது இதனால்தான். அவற்றில் ஸ்டீராய்டு கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆரம்பத்தில் இந்த நோய் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ-யில்தான் தெரியும். திடீரென ஓட்டத்தைக் கூட்டிய இளைஞர்களுக்குத் தொடை எலும்பின் கழுத்தில் நுண்ணிய விரிசல் விழலாம். காலை ஊன்றினாலே தொடை இடுக்கு வலித்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்திருந்தாலும் விடாத இரவு வலி, விழுந்தபின் கால் ஊன்ற முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

"வயசாயிடுச்சு, சும்மா இரு" என்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். இதே வேலூரில், 1954-ல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவர்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு 47 வயதில் நீங்கள் ஏன் மூலையில் உட்கார வேண்டும்?

சிஎம்சி மருத்துவமனையிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலோ எலும்பு டாக்டரைப் பார்க்கும்போது, பிசியோதெரபிக்கு எழுதித் தரும்படி நீங்களே கேளுங்கள். எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமே இல்லையென்றால், நாண் கிழிந்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டிலோ எம்ஆர்ஐ-யிலோ பார்க்கச் சொல்லலாம்.

தைலம் தடவுங்கள், சுகமாக இருக்கும், தப்பில்லை. அந்த எலும்பு மேட்டின் மேல் மட்டும் அழுத்தித் தேய்க்கவோ உருட்டவோ விடாதீர்கள். சுற்றியுள்ள தசையில் மெதுவாகத் தடவினால் போதும். பெல்ட் வாங்க வேண்டாம். அந்தக் காசில் ஒரு நல்ல நீளத் தலையணை வாங்கிக்கொள்ளுங்கள்.