கேள்விக்கு எதற்குக் காசு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை என் தம்பி ஒரு கேள்வி-பதில் தளத்தில் போட்டு, காசு கட்டி ஒரு டாக்டரிடம் விளக்கம் கேட்டிருக்கிறான். கூகுளில் தேடினால் கிடைப்பதற்கு, ஏஐ இலவசமாகச் சொல்வதற்கு ஏன் செலவு என்று சண்டை போட்டேன். “உனக்குப் புரியாது” என்கிறான். படித்தவர்களே இப்படிச் செய்வது சோம்பேறித்தனமா, ஏமாளித்தனமா?

ரா.

அன்புள்ள ரா.,

இரண்டும் இல்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் அச்சாகியிருக்கும். உங்கள் தம்பிக்கு அது தெரியாமலா இருக்கும்? அம்மாவுக்கு என்ன வயது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், போன தடவையைவிட எவ்வளவு கூடியிருக்கிறது, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் பயப்பட வேண்டுமா என்பதே அவர் கேள்வியாக இருந்திருக்கும். ஏஐயும் அந்த விவரங்களை வாங்கிக்கொண்டு பதில் சொல்லும்தான். ஆனால் தன் பெயரை வைத்துப் பேசுகிற ஒருவர், முழுதாகப் படித்துப் பார்க்கக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும் என்று மனம் கேட்கிறது. அந்தக் கடமைக்குத்தான் காசு.

கூகுளே இதை நடத்திப் பார்த்திருக்கிறது. 2002 ஏப்ரலில் ‘கூகுள் ஆன்சர்ஸ்’ தொடங்கினார்கள். கேட்பவரே விலை வைக்கலாம். 200 டாலர் வரை போகலாம். அதில் முக்கால் பங்கு பதில் எழுதும் ஆய்வாளருக்கு. இலவசத் தேடலுக்குப் பேர்போன நிறுவனத்திடமே மக்கள் காசு கொடுத்துக் கேட்டார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். 2006 இறுதியில் புதிய கேள்விகள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். இலவசமாக இருந்த யாஹூ ஆன்சர்ஸ் பெருங்கூட்டத்தை இழுத்தது. 2021இல் அதுவும் மூடப்பட்டது.

காசு கொடுத்தால் நல்ல பதில் வருமா? இதை ஆராய்ந்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 2008இல் வந்த ஓர் ஆய்வு, இலவசத் தளங்களைவிட கூகுள் ஆன்சர்ஸில் பதில்கள் தரமாக இருந்தன, விலை கூடக்கூட இன்னும் நன்றாக இருந்தன என்றது. 2010இல் அதே தளத்தில் கேள்விகள் போட்டுச் சோதித்த இன்னொரு ஆய்வு, விலை கூடினால் பதில் நீள்கிறது, தரம் கூடுவதில்லை என்றது. பதில் சொல்பவரின் நற்பெயரை ஒட்டியே தரம் இருந்ததாம். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

பலரும் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். காசு, கேட்பவரையும் மாற்றுகிறது. இலவசம் என்றால் “கிரியேட்டினின் அதிகமா இருக்கு, என்ன செய்யலாம்?” என்று ஒற்றை வரி தட்டிவிடுவோம். காசு கட்டுகிறோம் என்றால் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, மாத்திரை அட்டையைத் திருப்பிப் பெயரையும் மில்லிகிராமையும் பார்த்து எழுதுவோம். பாதிப் பதில் அங்கேயே வந்துவிடுகிறது. தெரிந்த டாக்டரிடம் ஓசியில் கேட்டால் இரண்டாவது சந்தேகத்தைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். காசு கொடுத்த இடத்தில் அந்தத் தயக்கம் இல்லை. வீட்டு விஷயம் சொந்தபந்தம் வரை போய்விடுமோ என்ற கவலையும் குறைவு.

எல்லோரும் இப்படிப்பட்ட தேவைக்காகத்தான் காசு கொடுக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. சீனாவில் 2016இல் வந்த ‘ஃபென்டா’ என்ற கேள்வி-பதில் தளத்தில் பிரபலங்கள் 60 விநாடிக்குள் குரலில் பதில் சொன்னார்கள். மற்றவர்கள் 1 யுவான் கொடுத்து அதை ஒட்டுக்கேட்க முடிந்தது. அந்தப் பணத்தில் கேள்வி கேட்டவருக்கும் பங்கு இருந்தது. அது வேறு பசி, அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

தம்பியோடு சண்டை வேண்டாம். பதில் சொன்னவரின் பெயரும் பதிவு எண்ணும் தெரிகிறதா, கட்டியது ஒரே தடவைக்கான தொகையா, மாதாமாதம் தானாகப் பிடிக்கிற சந்தாவா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தா என்றால் இன்றே ரத்து செய்யட்டும். அம்மாவை நேரில் பார்க்கிற டாக்டரிடம் அந்தப் பதிலையும் காட்டுங்கள்.