கவர் போட்ட கார் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் உங்கள் பழைய ஃபியட் பாலியோ காரை விற்றதைப் பற்றி இரண்டே வரிகள் எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்.

என்னிடம் ஃபியட்டின் வேகமான சின்னக் காரான அபார்த் புன்டோ இருக்கிறது. வெள்ளை நிறம், பக்கவாட்டில் சிவப்புப் பட்டை. கல்யாணத்துக்கு முன்பு, 2016-ல் புதிதாக வாங்கினேன். 87,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போது வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார், அவருக்கு முழங்கால் வலி. கொஞ்சம் உயரமான வண்டியாக வாங்கலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். மனைவி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. அவளும் அந்தக் காரை ஆசையாக ஓட்டுகிறவள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு பையன் மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனான். கடைசி முறை அட்வான்ஸ் பணத்தோடு வந்தான். நான் வாங்கவில்லை. திருப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் பெரிய வண்டி வாங்கிய பிறகும் தன் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ காரை விற்காமல் கவர் போட்டு ஷெட்டில் நிறுத்தியிருக்கிறார். "நீயும் அப்படிச் செய், இனிமேல் இந்த மாதிரி கார் வராது" என்கிறார்.

பார்த்தால் இது ஒரு சின்னக் கார்தான். அதை ஏன் சிலரால் விடவே முடிவதில்லை? அதே ஆசையோடு வாங்கிய வேறு சிலர் ஏன் நாலு வருடத்தில் விற்றுவிடுகிறார்கள்? நான் என்ன செய்யலாம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் நான் நின்று மறுபடி படித்த இடம் திருப்பூர் நண்பரைப் பற்றியது. அவர் செய்ததை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், அல்லது விற்றுவிடுங்கள். கவர் போட்டு நிறுத்த மட்டும் வேண்டாம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஹாட் ஹேட்ச் எனப்படும் இந்த வகைக் கார், அதாவது பின்பக்கம் தூக்கும் கதவு வைத்த வேகமான சின்னக் கார், எதற்காகப் பிறந்தது என்று கொஞ்சம் பேச வேண்டும்.

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 1976-ல் விற்பனைக்கு வந்தபோது அந்த நிறுவனம் திட்டமிட்டது 5,000 கார்கள்தான். 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. முதல் தலைமுறை முடிவதற்குள் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. அதைவிட வேகமான கார்கள் அன்றைக்கும் ஜெர்மனியில் இருந்தன. ஆனால் அவற்றில் பலவற்றில் பின்பக்கக் கதவைத் தூக்கி மளிகைச் சாமானை அடுக்க முடியாது, மூன்று பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட முடியாது. வீட்டுக்கு ஒரே ஒரு கார்தான் வாங்க முடியும் என்ற நிலையில், அந்த ஒரே காரில் சம்சாரத்தையும் நடத்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைப்பாதையிலும் மகிழ்ச்சியாக ஓட்ட ஆசைப்பட்ட மனிதருக்காக வந்த கார் அது. ஹாட் ஹேட்ச் என்ற வகையின் உயிர் அந்த "ஒரே கார்" என்பதில்தான் இருக்கிறது. குதிரைத்திறன் அதற்குப் பிறகுதான்.

இதை வைத்துப் பார்த்தால் ஏன் விற்கிறார்கள் என்பதும் விளங்கும். அந்த இரண்டு வேலைகளில் ஒன்றைக் கார் செய்ய முடியாமல் போகும் நாளில் விற்கிறார்கள். அன்பு குறைந்ததால் விற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். 1980-களில் அங்கே பெஜோ 205 ஜிடிஐ, ஃபோர்டு எஸ்கார்ட் எக்ஸ்ஆர்3ஐ, ரெனோ 5 ஜிடி டர்போ என்று தெருவுக்குத் தெரு இளைஞர்களிடம் இருந்தன. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் இவற்றைத் திருடி இரவெல்லாம் ஓட்டி எங்கேயாவது மோதிவிட்டுப் போவது பெரிய தொல்லையாக வளர்ந்தது. காப்பீட்டுத் தொகை தாறுமாறாக ஏறியது. இருபத்திரண்டு வயதுப் பையனால் காரின் தவணையைக் கட்ட முடிந்தது, காப்பீட்டைக் கட்ட முடியவில்லை. விற்றார்கள். ஓட்டுவதில் சலிப்பு வந்து விற்கவில்லை. இன்று மிஞ்சியிருக்கும் நல்ல 205 ஜிடிஐக்களின் விலை அந்தக் காலத்துப் புதுக் கார் விலையைவிடப் பல மடங்கு. பெரும்பாலானவை ஷெட்டுகளில் இருக்கின்றன. மழை பெய்தால் வெளியே எடுப்பதில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்ற காருக்கு இப்படி ஒரு முதுமை வாய்த்ததை நினைத்தால் எனக்குத் துக்கமாகத்தான் இருக்கிறது.

நம் நாட்டுக் கதை வேறு. இங்கே வரிதான் எஞ்சினின் அளவைத் தீர்மானித்தது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள் இருந்தால் வரி குறைவு என்ற விதி 2006 பட்ஜெட்டில் வந்தது. 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ 1,197 சி.சி., 105 குதிரைத்திறன். அதற்குப் பிறகு வந்த பலேனோ ஆர்எஸ், ஐ20 என் லைன், அல்ட்ராஸ் ரேசர் எல்லாமே அந்தக் கோட்டுக்குள் நின்றவைதான். உங்கள் அபார்த் அதற்கு அடங்கவில்லை. நீளம் 4 மீட்டருக்குள் இருந்தும் எஞ்சின் 1,368 சி.சி. கூடுதல் வரியைச் சுமந்துகொண்டே 145 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் என்று 2015 அக்டோபரில் 9.95 லட்சத்துக்கு வந்தது. அந்த விலையில் அப்படி ஒரு கார் அதற்கு முன்னும் பின்னும் இங்கே வரவில்லை. உங்கள் நண்பர் "இனிமேல் வராது" என்று சொல்வதில் தவறில்லை.

ஆனால் அந்த எண்களுக்காக வாங்கியவர்கள்தான் முதலில் விற்றார்கள். எனக்குத் தெரிந்த மூன்று பேர் அப்படி. வாங்கிய ஆறு மாதத்தில் ரீமேப் செய்தார்கள் (எஞ்சினின் கணினி அமைப்பை மாற்றித் திறனைக் கூட்டுவது), அடுத்த வருடம் எக்ஸாஸ்டை மாற்றினார்கள், அதற்கடுத்த வருடம் சிக்னலில் இன்னொரு கார் முந்திக்கொண்டு போனது, விளம்பரம் போட்டுவிட்டார்கள். வேகம் ஒன்றுக்காகவே ஒரு பொருளை வைத்திருந்தால் அதைவிட வேகமானது வந்துகொண்டேதான் இருக்கும். நிறுத்தத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட உங்கள் காருக்கு 8.8 விநாடி என்று நிறுவனம் சொன்னது. மஹிந்திராவின் பிஇ 6 மின்காருக்கு 6.7 விநாடி. குழந்தைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு, சத்தமே இல்லாமல்.

வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், யாரும் விநாடிக் கணக்கு சொல்ல மாட்டார்கள். ஸ்டீயரிங்கைப் பற்றிச் சொல்வார்கள். உங்கள் காரில் இருப்பது ஹைட்ராலிக் ஸ்டீயரிங். எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவதால் முன் சக்கரம் சரளைக் கல்லில் ஏறினாலும் ஈரத்தில் லேசாக நழுவினாலும் உள்ளங்கைக்குத் தெரியும். இன்றைய கார்களில் அநேகமாக எல்லாமே மின்மோட்டார் உதவியோடு திரும்புகிறவை. இலகுவாக இருக்கின்றன, எரிபொருளும் மிச்சம், ஆனால் அந்தச் சேதி கைக்கு வந்து சேர்வதில்லை. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் உங்கள் கார் என்னென்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது கியரில் 2,000 ஆர்.பி.எம்மைத் தாண்டும்போது டர்போ எழுந்து முதுகை இருக்கையோடு சேர்த்து அழுத்துமே, அதற்காக மட்டுமே சிலர் அந்தக் காரைப் பத்து வருடம் வைத்திருக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை. நல்ல மெக்கானிக். ஒரு காரை ஒருவர் எத்தனை வருடம் வைத்திருப்பார் என்பதைப் பாதிக்குமேல் தீர்மானிப்பது அவருடைய மெக்கானிக்தான் என்று உறுதியாக நம்புகிறேன். ஃபியட் பெயரில் இங்கே கார் விற்பது 2019 வாக்கில் நின்றுவிட்டது. ஃபியட்டின் 1.3 டீசல் எஞ்சின் மாருதியிலும் டாடாவிலும் ஓடியது என்பதால் அதன் பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். உங்கள் காரின் 1.4 டி-ஜெட் பெட்ரோல் எஞ்சினோ, ஃபியட்டின் லீனியா டி-ஜெட் போன்ற ஓரிரு கார்களில்தான் வந்தது. ஒரு சென்சார் போனால் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் வைத்திருப்பார். தெரியாதவருக்கு டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தாலே வயிற்றைக் கலக்கும். அந்தப் பயத்திலேயே பல கார்கள் கைமாறுகின்றன. ஆர்.சி. 15 வருடம் முடிந்து புதுப்பிக்க வேண்டுமே என்ற கவலை, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை என்ன செய்யுமோ என்ற கவலை, எல்லாம் இந்தப் பயத்தோடு சேர்ந்துகொள்ளும்.

நீங்கள் கோவையில் இருப்பது இந்த விஷயத்தில் பெரிய கொடுப்பினை. கார் பந்தய வீரர் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்த ஊர் அது. அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. எஞ்சினைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் கைகள் அங்கே தலைமுறையாக வளர்ந்திருக்கின்றன. அப்படி ஒருவர் உங்களுக்கு இருக்கிறார் என்றால் வைத்துக்கொள்வதற்கு அதுவே பாதிக் காரணம்.

இனி என் பாலியோவுக்கு வருகிறேன். இரண்டு வரியில் எழுதியதற்குக் காரணம், அதற்குமேல் எழுத வரவில்லை.

1.6 லிட்டர், 100 குதிரைத்திறன். 2004-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஊருக்குள் லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்தது, அது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஏழு வருடம் வீட்டில் அது ஒன்றுதான் கார். அம்மா அதில்தான் வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வருவார். நான் வண்டியை வாசலை ஒட்டி நிறுத்துவேன், அவர் முன் இருக்கையில் உட்காருவார், போவோம். 2010-ஐ ஒட்டி அவர் கோவிலுக்கு வருவது குறைந்தது. "இன்னைக்கு வேண்டாம்டா, உடம்பு அசதியா இருக்கு" என்பார். பிறகு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். நானும் வற்புறுத்தவில்லை. ஆறு மாதம் இப்படிப் போனது.

ஒரு நாள் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். மருத்துவமனை வாசலில் இறங்கும்போது பார்த்தேன். வலது கையைக் கூரை விளிம்பில் வைத்தார். எழ முடியவில்லை. கையைக் கதவின் மேல் மாற்றினார், அது அசைந்தது. பிறகு இரண்டு கையாலும் தன் முழங்காலையே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வந்து தூக்கிவிட்டேன். நிமிர்ந்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு, "நல்ல வண்டிடா, நான்தான் கனத்துட்டேன்" என்றார்.

அவர் கோவிலுக்கு வராமல் போனது அசதியால் அல்ல. அந்தக் காரை நான் எப்படி நேசிக்கிறேன் என்று தெரிந்ததால் அதைக் குறை சொல்லாமல் தன் வெள்ளிக்கிழமைகளை விட்டுக்கொடுத்திருக்கிறார். அந்த மாதமே விற்றேன். ஈரோட்டில் ஆய்வகத்தில் வேலை செய்யும் ஒரு இளைஞர் வாங்கினார். அவருக்கும் வீட்டில் அது ஒன்றுதான் கார். சாவியைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பஸ் பயணம் இன்னும் நினைவிருக்கிறது. வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் இன்னொரு முறை அதே நிலை வந்தாலும் விற்பேன்.

என்னிடமும் அப்போது கவர் போட்டு நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திய கார் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதத்தில் பேட்டரி இறங்கும். டயர் நின்ற இடத்தில் தட்டையாகும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். எலி ஒயரைக் கடிக்கும். இதையெல்லாம்கூடச் சரிசெய்துவிடலாம். ஆனால் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போகும் வழியில், காலியான ஒரு வளைவில் சட்டென்று மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும் அந்த ஒரு நிமிடம் போய்விடும். அதற்காகத்தானே வாங்கினோம்? அது அன்றாடத்தின் நடுவில் கிடைப்பதால்தான் இனிக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்து எடுத்து ஓட்டும்போது கார் நன்றாக ஓடுகிறதா என்ற பரிசோதனைதான் நடக்கும். உங்கள் நண்பர் காரை விற்கவில்லை என்று நினைக்கிறார். அவரிடமிருந்து அது ஏற்கெனவே போய்விட்டது. வாங்கிக்கொண்டு போய் ஓட்டத்தான் ஆள் இல்லை.

உங்கள் விஷயத்தில் குழந்தைகளை நான் காரணமாக எடுக்க மாட்டேன். இரண்டு பிள்ளைகள் பின் இருக்கையில் தாராளமாக உட்காரலாம், உங்கள் மனைவியும் அந்தக் காரை விரும்பி ஓட்டுகிறார் என்கிறீர்கள். வீட்டில் இருவரும் ஓட்டும் கார் அவ்வளவு சீக்கிரம் வெளியே போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் உயரமான வண்டி நிற்பதெல்லாம் ஒரு காரணமே அல்ல. விற்றால் என்ன கிடைக்கும் என்பதையும் ஒதுக்கி வையுங்கள். கேள்வி அப்பாவைப் பற்றியது மட்டும்தான். உங்கள் கார் தரையிலிருந்து 155 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்பது. சாதாரண புன்டோவைவிடத் தாழ்வு. முழங்கால் வலிக்கிறவருக்கு அந்தச் சில அங்குலங்கள் பெரிய தூரம்.

அவரைக் கேட்காதீர்கள். கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்பார், எல்லா அப்பாக்களும் அப்படித்தான் சொல்வார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை முன் இருக்கையில் உட்காரவைத்து ஆழியார் வரை போய்வாருங்கள். வழியில் எங்காவது டீ குடிக்க நிறுத்துங்கள். நீங்கள் முதலில் இறங்கி, உதவிக்குப் போகாமல், கொஞ்சம் தள்ளி நின்று அவர் இறங்கும்போது கையை எங்கே ஊன்றுகிறார் என்று பாருங்கள்.

பொள்ளாச்சிப் பையனின் எண்ணை அதுவரை அழிக்க வேண்டாம். அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டு வையுங்கள்: வீட்டில் வேறு கார் இருக்கிறதா?